உடனிருப்போர் அனைவருக்கும் புரியும் மொழி

“கையை மேசைக்குக் கீழ வெச்சுக்கச் சொல்லுங்க அவளை.”

“கீழ வெச்சா அவளால பேச முடியாதே மேடம்.”

“அதுக்குத்தானே சொல்றேன். விசாரணை நடக்குதுங்கறதுக்காக விதி தூங்கப் போயிடாது.”

“அப்ப அவ எப்படிப் பதில் சொல்லுவா?”

“நீங்க எதுக்கு இருக்கீங்க நியாபோக்கே? அவளுக்காக நீங்க சொல்லுங்க.”

“அவ என்ன நினைக்கிறான்னு அவ கை சொன்னாத்தான் மேடம் எனக்குத் தெரியும்.”

மேடம் சியோகாவ் பேனாவின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டி யோசித்தார். எங்கள் ரோஜாப் பண்ணையின் பணியாளர் துறைத் தலைவர் அவர். ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் அவருக்குப் புரியும் மொழியில் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பண்ணையின் விதியோ அந்த மொழியைத் தடை செய்திருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நைரோபியில் அவருக்கு அளித்த மூன்று நாள் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்குப் பக்கத்தில் காகேஹா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது கேட்காது. ஆனால் மேசையில் வைத்திருந்த முழங்கை வழியே பேனா தட்டும் அதிர்வு அவளுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பொறு என்று கண்ணாலேயே சொன்னேன். கண்ணால் சொல்வதற்கு இன்னும் விதி வரவில்லை.

“சரி, விலக்கு கொடுக்கிறேன்” என்றார் மேடம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “விசாரணையின் பொருட்டு மட்டும், இந்த அறைக்குள் மட்டும், பதினைந்து நிமிடங்களுக்குச் சைகை மொழி அனுமதிக்கப்படுகிறது. கிபெட், மணி பாருங்க.”

எதிரில் உட்கார்ந்திருந்த கிபெட் கைக்கடிகாரத்தை அவிழ்த்து மேசையில் வைத்தான். குளிர் அறைப் பொறுப்பாளன். புகார் கொடுத்தவனும் அவன்தான். புகார் கொடுத்தவனே மணி பார்ப்பது சரியா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதற்கும் ஒரு நிமிடம் போகும் என்று விட்டுவிட்டேன்.

இது அவளுக்கு வந்த மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதத்துக்கு அப்புறம் நான்காவது கிடையாது. அன்று மாலைக்குள் காகேஹா அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வாயிலில் தன்னுடைய படத்தையே கடந்து வெளியே போகவேண்டியிருக்கும்.

படம் என்றால் சின்னப் படம் இல்லை. பண்ணை வாயிலில் லாரி உயரத்துக்கு ஒரு பலகை. அதில் காகேஹாவின் இரண்டு கைகள், நடுவில் ஒரு சிவப்பு ரோஜா, கீழே “எல்லாக் கைகளும் ஒன்றாக” என்ற வாசகம். ஹாலந்திலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவார்கள். இப்போதெல்லாம் அங்கே கடையில் ரோஜா வாங்குகிறவர்களுக்குப் பூ மட்டும் போதவில்லையாம். அதைப் பறித்தவர்கள் எல்லா இனத்தவராகவும் இருந்து, எல்லாரும் மகிழ்ச்சியாகவும் இருக்கவேண்டுமாம். அதற்கு ஒரு முத்திரை உண்டு. முத்திரை இருந்தால் பூப்பெட்டி போகும்.

அந்த முத்திரைக்காகத்தான் மேடம் சியோகாவ் ஒருங்கிணைப்புக் குழுவை உண்டாக்கினார். கிகுயு ஒருவர், லுவோ ஒருவர், கலெஞ்சின் என்று கிபெட், கிசீ என்று நான், சோமாலி ஒருவர், காது கேளாதவர் என்று காகேஹா. மாசாய் ஆள் அலுவலகத்தில் யாரும் இல்லாததால் வாயில் காவலர் சங்காலேயைக் கூட்டி வந்து ஒரு கோட்டு மாட்டிவிட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

“நோவாவோட கப்பலே பரவாயில்லை. அதுலயாவது எல்லாத்துலயும் ஜோடி இருந்துச்சு. இதுல எல்லாம் ஒத்தை ஒத்தையால்ல நிக்குது” என்றாள் என் வரிசையில் வேலை பார்க்கும் அடோங்கோ.

நான் தரம் பிரிக்கும் கூடத்தில் நான்காம் வரிசையின் மேற்பார்வையாளர். வெட்டி வரும் ரோஜாவைத் தண்டின் நீளம் பார்த்து, மொட்டு பார்த்து, இலை பார்த்துப் பிரித்துக் கொத்தாகக் கட்டுவது எங்கள் வேலை. சுவருக்கு அப்பால் குளிர் அறையின் எந்திரங்கள் நாள் முழுக்க உறுமும். மற்ற வரிசைகளில் மேற்பார்வையாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். தண்டு அறுபது சென்டிமீட்டர் என்றால் அங்கே எழுபது என்று கேட்கும். கட்டிய கொத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்கள்.

நான்காம் வரிசையில் கத்தல் கிடையாது. காகேஹாவும் லொக்காவியும் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களுக்குக் கையால் எண்கள் வந்துவிட்டன. லொக்காவி துர்கானாவிலிருந்து வந்தவன், அவனுக்கும் காது கேட்காது. இரண்டாவது மாதம் நோய், பூச்சி, இலைப்புள்ளி, தண்ணீர் மாற்று எல்லாம் வந்தன. மூன்றாவது மாதம் வம்பு பேசவும் வந்தது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, எந்திரம் எவ்வளவு உறுமினாலும், ஒரு சொல் தவறாமல் போகும். மூன்று மாதம் தொடர்ந்து எங்கள் வரிசையில்தான் கழிவு குறைவு. பிடிக்கிறதா இல்லையா என்று யாரையும் யாரும் கேட்கவில்லை. வேலை ஓடியது, அதனால் பழகிக்கொண்டோம்.

காது கேளாதவர்கள் வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயரும் வைத்தார்கள். என் பெயர், இரண்டு விரலால் நெற்றியைச் சுருக்குவது. நான் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறேனாம். மேடம் சியோகாவுக்கு, உள்ளங்கையில் முத்திரை குத்துவது. கிபெட்டுக்கு, இடுப்பில் கால்சட்டையை மேலே இழுப்பது. அவன் நிமிடத்துக்கு ஒரு தரம் அதைத்தான் செய்துகொண்டிருப்பான். தன்னைச் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வரிசைப் பக்கம் வரும்போதெல்லாம் இடுப்பில் கை வைக்காமல் இருக்கப் பாடுபட்டான். கால்சட்டை கேட்கவில்லை.

இப்போது விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அது என்னால் வந்தது.

பண்ணையில் எந்த முடிவும் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. பத்து மணித் தேநீரில்தான் எடுக்கப்படும். யார் சனிக்கிழமை வரவேண்டும், யாருக்கு எந்தப் பசுங்குடில், யாருக்கு விடுப்பு, எல்லாம் எண்ணெயில் பொரித்த மண்டாசியைப் பிய்த்துத் தேநீரில் தோய்க்கிற பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிபெட்டும் அவனுடைய இரண்டு நண்பர்களும் நான் போய் உட்கார்ந்ததும் தங்கள் தாய்மொழிக்கு மாறிவிடுவார்கள். நடுவில் ஒரு தரம் என் பெயர் வரும். பிறகு சிரிப்பு. அந்த வாரம் சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கும்.

நான் குழுவில் எழுந்து சொன்னேன். “எல்லாருக்கும் புரியற மொழியில பேசச் சொல்லுங்க மேடம். சுவாஹிலி இருக்கு, ஆங்கிலம் இருக்கு. எங்க முன்னாடியே எங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாம முடிவெடுக்கறாங்க.”

நியாயமான புகார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நியாயமான புகாரை எடுத்துக்கொண்டு போய் ஒரு அலுவலகம் என்ன செய்யும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

எந்த மொழியின் பெயரையும் எழுதினால் அந்த இனத்தவர் மனம் புண்படும் என்றார் மேடம். ஆகவே பெயர் எதுவும் இல்லாமல், எவர் மனமும் புண்படாமல், ஒரு வாக்கியம் எழுதினார். “பணியிடத்தில், உடனிருப்போர் அனைவருக்கும் புரியாத எம்மொழியும் பயன்படுத்தப்படலாகாது.” பிரிவு ஏழு.

அடுத்த கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. அன்று காகேஹாவுக்குக் கையால் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. ஆனால் கிபெட் எதிர்த்துப் பேசினான், நான் பதிலுக்குப் பேசினேன், பேச்சு சூடாகிவிட்டது. எனக்கு அன்று கைகள் என் வாய்க்குத் துணையாகத்தான் தேவைப்பட்டன. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மேடம். நான் தூக்கினேன். தோற்றுவிட்டது தெரிந்ததும் கிபெட்டும் தூக்கினான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த காகேஹாவும், எல்லாரும் தூக்குகிறார்களே என்று தூக்கினாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். எதுக்கு அவ்வளவு சண்டை, எல்லார் முகமும் கடுகடுன்னு கிடந்ததே?

தேநீர் பற்றி ஏதோ, என்று சொல்லிவிட்டேன். எனக்கு அன்று ஜெயித்த களிப்பு.

ஜெயித்தது நான்கு நாள். ஐந்தாம் நாள் தேநீரில் கிபெட்டும் நண்பர்களும் பழையபடி தங்கள் மொழியில் சிரித்தார்கள். மேடத்திடம் போனேன். “தேநீர்க் கொட்டகை பணியிடம்ல வராது நியாபோக்கே. சட்ட ஆலோசகர்கிட்டக் கேட்டுட்டேன்” என்றார். எதற்காக விதி வந்ததோ அந்த ஒரே ஒரு இடத்துக்கு அது பொருந்தவில்லை. மற்ற எல்லா இடத்துக்கும் பொருந்தியது.

முதலில் அதைப் புரிந்துகொண்டவன் கிபெட். அவனை அடக்கக் கொண்டுவந்த பிரம்பு அடுத்த வாரம் அவன் கையில் இருந்தது. காகேஹாவும் லொக்காவியும் வரிசையில் நின்று கையால் பேசுகிறார்கள், தனக்குப் புரியவில்லை, தன்னைப் பற்றியதாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தான். மேடம் விதியைப் படித்தார். உடனிருப்போர் அனைவருக்கும் புரியாத எம்மொழியும். இருவருக்கும் முதல் கடிதம் போனது. கடிதத்தில் “பிரிவு ஏழு மீறல்” என்று மட்டும் இருந்தது. மேற்கொண்டு மீறல் நேராமலிருக்க லொக்காவியை ஏரிக்கரையை ஒட்டிய கடைசிப் பசுங்குடிலுக்கு மாற்றினார்கள். அங்கே அவனோடு பேச யாருமில்லை. அவன் முன்னேற்றம் திருப்திகரமாக இருப்பதாக அறிக்கை வந்தது.

“என்ன தப்பு செஞ்சேன்?” என்று காகேஹா கேட்டாள்.

“கிபெட் இருக்கும்போது கையை ஆட்டாதே” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இரண்டாவது கடிதம், சோளமும் அவரையும் சேர்த்து வேகவைத்த கித்தேரிச் சாப்பாட்டுக்காக வந்தது. மத்தியானம் காகேஹா தரம் பிரிக்கும் மேசையிலேயே தட்டை வைத்து, சாப்பிடுவதற்கு முன் கையால் ஜெபம் செய்தாள். கொட்டகை என்றால் தப்பித்திருப்பாள். மேசை பணியிடம்.

“கடவுளுக்குப் புரிஞ்சாப் போதாதா மேடம்?” என்று அடோங்கோ நேராகவே போய்க் கேட்டாள்.

“அவர் உடனிருந்தாருங்கறதுக்குச் சாட்சி வேணுமே” என்றார் மேடம். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று அடோங்கோவுக்கு இன்றுவரை தெரியாது. கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு நான்காம் வரிசையும் கத்தத் தொடங்கியது. அறுபது, எழுபது ஆனது. கழிவு ஏறியது. கழிவு ஏன் ஏறியது என்று விளக்கம் கேட்டு எனக்குத் தனியாக ஒரு தாள் வந்தது. காகேஹா கொத்துகளைக் கட்டிக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பேசாமல் நின்றாள். வாயிலில் அவள் கைகள் மட்டும் லாரி உயரத்துக்கு விரிந்திருந்தன.

பிப்ரவரி மூன்றாம் தேதி. காதலர் நாளுக்குப் பெட்டி போகும் வாரம். ஹாலந்திலிருந்து இரண்டு பேர் வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர் அறையிலிருந்து கிபெட்டின் ஆட்கள் வாளிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவற்றிலிருந்த பூக்கள் நேராகப் பெட்டிக்குப் போக வேண்டியவை. கூடத்தின் மறுகோடியில் நின்ற காகேஹா, ஒரு மொட்டின் மடிப்பில் சாம்பல் பூஞ்சையைப் பார்த்தாள். அடுத்த வாளியிலும். நான் எதிர்க்கோடியில் பெட்டி மூடுகிற இடத்தில் நின்றேன். அவள் ஒரு நொடி கிபெட்டைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். பூஞ்சை. நிறுத்து. அந்த நாலு வாளியும்.

நானும் கையைத் தூக்கிப் பதில் சொன்னேன். எத்தனை? எது எது? அவள் சொன்னாள். நான் நிறுத்தினேன். நாற்பது பெட்டி தப்பித்தது. அந்தப் பூஞ்சை பெட்டிக்குள் போய் விமானம் ஏறியிருந்தால் அங்கே திறக்கும்போது பூவெல்லாம் பஞ்சு மாதிரி இருந்திருக்கும். ஹாலந்துக்காரர்களில் ஒருவர் கைதட்டினார். எத்தனை அருமையான குழு என்றார். மேடம் சியோகாவ் புன்னகைத்துக்கொண்டே நன்றி சொன்னார்.

அவர்கள் கார் வாயிலைத் தாண்டிய அரை மணியில் கிபெட்டின் புகார் அவர் மேசையில் இருந்தது. வாளிகள் அவனுடையவை. அது புகாரில் இல்லை.

“மூணாம் தேதி தடை செய்யப்பட்ட மொழியில பேசினீங்களா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு” என்றார் மேடம் இப்போது.

நான் கையால் சொன்னேன். காகேஹா பதில் சொன்னாள்.

“கத்தியிருக்கணுமான்னு கேக்கறா. அவளுக்குக் கத்த வராதாம்.”

“கேள்விக்குப் பதில் மட்டும்.”

“ஆமாங்கறா. ஆனா மேடம், அவ பேசினது என்கிட்ட. எனக்குப் புரிஞ்சுது. பதில் சொன்னதும் நான். எனக்கு ஏன் கடிதம் வரலை?”

“உங்களுக்கு வாய் இருக்கு. நீங்க கையை ஆட்டினது சைகையா, சும்மா ஆட்டினதான்னு நிரூபிக்க முடியாது.”

“சும்மா ஆட்டினேன்னா நாலு வாளி எப்படி நின்னுச்சு?”

“அக்கா, நீங்க உணர்ச்சிவசப்படறீங்க” என்றான் கிபெட். “எனக்கு அவமேல எந்தக் கோபமும் இல்லை. பூஞ்சை விஷயம் நல்லதுதான். ஆனா அதை முறைப்படி சொல்லியிருக்கலாம். புகார்ப் படிவம் இருக்கே. எழுதிக் கொடுத்திருந்தா நானே பார்த்திருப்பேன்.”

“எப்ப? பெட்டி ஆம்ஸ்டர்டாம்ல இறங்கினப்புறமா?”

“கூடத்துல இருந்த அத்தனை பேருக்கும் முன்னாடி கை ரெண்டையும் தூக்கிட்டு என் வாளியைக் காட்டறா. என்ன சொல்றான்னு எனக்கு மட்டும் தெரியலை. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தேநீர்க் கொட்டகையில் எனக்கு அப்படித்தான் இருந்தது. இவனை முழுக்க வெறுத்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் விடமாட்டான்.

“கத்துக்கிட்டிருக்கலாமே கிபெட்” என்றேன். “மூணு மாசத்துல நாங்க எல்லாரும் கத்துக்கிட்டோம். சங்காலேகூட வாயில்ல நின்னுக்கிட்டே காலை வணக்கம் சொல்றாரு.”

“என் பேருக்கு அவங்க என்ன செய்யறாங்கன்னு தெரிஞ்சப்புறம் எனக்குக் கத்துக்க மனசு வரலை” என்றான். சொல்லிவிட்டுக் கால்சட்டையை மேலே இழுத்தான்.

காகேஹா சிரித்துவிட்டாள். அவளுக்குச் சொல் எதுவும் கேட்கவில்லை, இழுத்ததை மட்டும் பார்த்தாள். மேடம் அந்தச் சிரிப்பையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

“எத்தனை நிமிஷம் இருக்கு?”

“ரெண்டு மேடம்.”

“இந்த விதி மேல இருந்து வந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது” என்றார் மேடம். குரலில் ஒரு நிறைவு. “இது பணியாளர்களே கொண்டுவந்தது. இவங்களே கை தூக்கினாங்க. ஆதாரம் இருக்கு.”

கோப்பிலிருந்து பண்ணையின் செய்தி இதழை எடுத்து காகேஹாவின் முன்னால் விரித்து வைத்தார். ஒருங்கிணைப்புக் குழுவின் படம். எல்லாக் கைகளும் மேலே. கீழே “பிரிவு ஏழு ஒருமனதாக நிறைவேறியது” என்று தடித்த எழுத்து.

காகேஹா படித்தாள். காது கேளாதோர் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிரிவு, ஏழு என்ற இரண்டு சொற்களும் மூன்று கடிதங்களில் வந்த அதே சொற்கள். அவற்றின் மேல் விரலை வைத்தாள். பிறகு படத்தில் தூக்கிய தன் கையின் மேல் வைத்தாள். அப்புறம் மெதுவாக நகர்த்தி, பக்கத்தில் அவள் கையைவிட உயரமாக நின்ற என் கையின் மேல் வைத்தாள். விரல் அங்கேயே இருந்தது.

“பதினஞ்சு நிமிஷம் ஆச்சு மேடம்” என்றான் கிபெட்.

“ரெண்டு பேரும் கையைக் கீழ வையுங்க. விலக்கு முடிஞ்சுது. இனி இந்த அறையிலயும் பிரிவு ஏழுதான். யார் ஆட்டினாலும் கடிதம்தான், நியாபோக்கே. இந்தத் தரம் ரெண்டு பேர் சாட்சி இருக்கோம்.”

நான் கையைக் கீழே வைத்தேன். பழக்கம். முப்பத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பண்ணையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும்.

காகேஹா வைக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள். மேடம் பேனாவால் தட்டிக்கொண்டே இருந்தார். காகேஹா முழங்கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டிருந்ததால் அந்த அதிர்வு இப்போது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு விரலால் நெற்றியைச் சுருக்கினாள். அது என் பெயர். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல, எனக்கு ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அன்னைக்கு நாம எதுக்குக் கை தூக்கினோம்? தேநீருக்குன்னு சொன்னே. இப்பச் சரியாச் சொல்லு. இவங்க பார்க்க, கையால சொல்லு.”